காரட் சாப்பிட்டால் கேன்சர் வராதா?

'புற்றுநோயை விரட்டும் உணவுகள்' ரகப் புத்தகங்கள் ஒன்றிரண்டைப் புரட்டிப் பார்த்தேன். மஞ்சள், பூண்டு, முள்சீத்தா, அருகம்புல் என்று பட்டியல் போகிறது. எல்லாவற்றுக்கும் கீழே ஒரே வாக்கியம்: 'ஆய்வில் நிரூபிக்கப்பட்டுள்ளது.' எந்த ஆய்வு, யார் மேல்? மூச்! பல சமயம் கண்ணாடித் தட்டில் வளர்த்த செல்கள் மேல்தான். தட்டில் இருக்கும் செல்லை பினாயில்கூடக் கொல்லும்.

காரட் கதையை இவர்கள் எழுதுவதில்லை. காய்கறி நிறையச் சாப்பிடுகிறவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறைவாக இருந்ததைப் பார்த்து, காரட்டுக்கு நிறம் தரும் பீட்டா கரோட்டின்தான் காரணமோ என்று யூகித்தார்கள். நியாயமான யூகம்தான். பின்லாந்தில் சிகரெட் பிடிக்கும் ஆண்கள் 29,133 பேரைச் சேர்த்து, சிலருக்கு தினம் 20 மில்லிகிராம் மாத்திரை, சிலருக்கு மருந்தே இல்லாத டம்மி மாத்திரை கொடுத்தார்கள். யாருக்கு எது என்று டாக்டருக்கே தெரியாது. ஐந்திலிருந்து எட்டு வருஷம். 1994-ல் கணக்குப் பார்த்தால், பீட்டா கரோட்டின் சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் அதிகம்! அமெரிக்காவில் வைட்டமின் ஏ-யும் சேர்த்துக் கொடுத்த சோதனையில் 28 சதவீதம் அதிகம். 1996 ஜனவரியில் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள்.

அதற்காகக் காரட்டைத் தூக்கிப் போடாதீர்கள், பாவம். சாம்பாருக்கு நல்லது. காய்கறி, நார்ச்சத்து, தொப்பை போடாமல் இருப்பது எல்லாம் சில புற்றுநோய்களின் வாய்ப்பை ஓரளவு குறைக்கும். 'குறையும்' என்பதை 'வராது' என்று மாற்றி எழுதுவதில்தான் வியாபாரம். அதை நம்பி, மார்பில் கட்டியை டாக்டரிடம் காட்டாமல் ஆறு மாதம் கஷாயத்தில் கழிக்கிற அத்தைமார்களை நினைத்தால்தான் கோபம் வருகிறது.

இயற்கையானது கெடுதல் செய்யாதாம். தாம்பூலத்துப் பாக்கு இயற்கைதானே? புகையிலை சேர்க்காவிட்டாலும் அது புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு மையம் 2004-ல் வெளியிட்ட தொகுப்பில் சொல்லிவிட்டது.

சமையலறைச் சரக்கு ஒன்று நிஜமாகவே உயிர் காத்திருக்கிறது. வினிகர்! குடிப்பதற்கில்லை. அதிலுள்ள அசெடிக் அமிலத்தை நீர்க்கச் செய்து கர்ப்பப்பை வாயில் தடவினால் சந்தேகத்துக்குரிய இடம் ஒரு நிமிஷத்தில் வெளுத்துக் காட்டும். மும்பை டாடா மருத்துவமனை, குடிசைப் பகுதிகளில் ஒன்றரை லட்சம் பெண்களை இரண்டு பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு இந்தச் சோதனையைச் செய்தது. அவர்களிடம் அந்தப் புற்றுநோயால் இறப்பது 31 சதவீதம் குறைந்ததாக 2013-ல் அறிவித்தார்கள். சோதித்தவர்கள் டாக்டர்கள்கூட இல்லை. பயிற்சி கொடுக்கப்பட்ட உள்ளூர்ப் பெண்கள். நான் புரட்டிய புத்தகங்களில் வினிகர், ஊறுகாய் கெடாமல் இருக்க மட்டும்தான் வருகிறது.