ஆலிஸ் கோபரின் பத்து எழுத்துகள்

1952 ஜூலை 1 அன்று பி.பி.சி. வானொலியில், 29 வயதான மைக்கேல் வென்ட்ரிஸ் என்ற கட்டடக் கலைஞர் ஓர் அறிவிப்பைச் செய்தார். கிரீட் தீவின் நொசோஸில் 1900இல் ஆர்தர் எவன்ஸ் தோண்டியெடுத்த களிமண் பலகைகளில் உள்ள ‘லீனியர் பி’ எழுத்தின் மொழி, மிகப் பழைய கிரேக்கம் என்றார். அரை நூற்றாண்டு மௌனம் அன்று கலைந்தது. அந்த எழுத்தைப் படித்த புகழ் யாருக்குரியது என்ற வழக்கு மட்டும் இன்னும் முடியவில்லை. தனியொரு மேதையின் மின்னல் என்பது பழைய கதை. நியூயார்க்கின் ஆலிஸ் கோபரே உண்மையான நாயகி, அவர் மறைக்கப்பட்டார் என்பது மார்கலிட் ஃபாக்ஸ் 2013இல் எழுதிய நூலுக்குப் பிறகு பரவியுள்ள கதை. இரண்டையும் சான்றுகளோடு வைத்துப் பார்க்க வேண்டும்.

கோபர் புரூக்ளின் கல்லூரி ஆசிரியை. போர்க்காலத்தில் காகிதம் கிடைக்காததால், கைக்கு வந்த பழைய தாள்களையெல்லாம் வெட்டிச் சுமார் 1,80,000 சீட்டுகள் தயாரித்தார். அவற்றை சிகரெட் அட்டைப்பெட்டிகளில் அடுக்கினார். எந்தக் குறி எதன் பக்கத்தில், சொல்லின் எந்த இடத்தில் வருகிறது என்று ஒவ்வொன்றாகக் கணக்கெடுத்தார். மொழியும் தெரியாது, ஒலியும் தெரியாது. ஆனாலும் சில சொற்கள் பகுதி மாறாமல் விகுதி மட்டும் மாறி மும்மூன்றாக வருவதைக் கண்டார். பகுதியும் விகுதியும் சந்திக்கும் இடத்தில் மாறும் இரண்டு குறிகளுக்கு மெய் ஒன்று, உயிர் வேறு என்று முடிவுகட்டினார். நம் உயிர்மெய் வரிசையில் ‘சி’க்கும் ‘சொ’வுக்கும் உள்ள உறவுதான் இது. நமக்கு ‘ச’வின் வடிவமே அந்த உறவைக் காட்டிவிடும். லீனியர் பி-யில் அந்தத் தயவு கிடையாது. வடிவத்தில் எந்த ஒற்றுமையும் இல்லாத குறிகளுக்கிடையே உறவைத் தர்க்கத்தால் மட்டுமே நிறுவ வேண்டும். 1948இல் அவர் வெளியிட்ட கட்டத்தில் பத்துக் குறிகள் இருந்தன. என் பார்வையில், இந்த எழுத்தின் வரலாற்றில் ஊகம் அறிவாக மாறிய இடம் அந்தக் கட்டம்தான்.

ஆனால் பத்து என்பது பத்துதான். ஏறத்தாழ 90 குறிகள் கொண்ட எழுத்தில் அதைக் கொண்டு ஒரு சொல்லையும் படிக்க முடியாது. ஒலி மதிப்பை ஊகிக்க கோபர் பிடிவாதமாக மறுத்தார். மொழி எதுவாக இருக்கலாம் என்று அறிஞர்களிடம் வென்ட்ரிஸ் சுற்றுக்கு விட்ட கேள்வித்தாளை வீண்வேலை என்று ஒதுக்கினார். அன்று அவர் சொன்னது சரியே. வென்ட்ரிஸ் அப்போது, விடை கிடைக்கும்வரைக்கும்கூட, எட்ருஸ்கன் மொழியையே நம்பிக்கொண்டிருந்தார். ஆனால் என்றாவது ஒருநாள் யாராவது ஊகித்தே ஆக வேண்டும். கோபர் 1950இல் தமது 43ஆம் வயதில் இறந்தார். அமெரிக்க அறிஞர் எம்மெட் பென்னெட் பதிப்பித்த, கிரேக்கப் பெருநிலத்தின் பைலோஸில் கிடைத்த லீனியர் பி பலகைகள் 1951இல்தான் அச்சாகின. அந்தத் தரவு கைக்கு வந்திருந்தால் அவர் துணிந்திருப்பாரா என்பதற்குச் சான்றில்லை. சான்றில்லாததை அவர் கணக்கில் வரவு வைப்பதை அவரே ஏற்றிருக்க மாட்டார்.

வென்ட்ரிஸ் அந்தக் கட்டத்தைப் பெருக்கினார். பிறகு ஒரு கேள்வி கேட்டார்: கோபரின் மும்மைச் சொற்கள் கிரீட்டின் ஊர்ப்பெயர்களாக இருந்தால்? ‘கொ-நொ-சொ’ நொசோஸ் ஆயிற்று. ‘அ-மி-நி-சொ’ அம்னிசோஸ் ஆயிற்று. பெயர்களிலிருந்து கசிந்த ஒலிகள் மற்றச் சொற்களுக்குள் பரவியபோது, அவரே எதிர்பாராத கிரேக்கம் வெளிவந்தது. தம் நம்பிக்கைக்கு எதிராக வந்த விடையை ஏற்றுக்கொண்டதுதான் அவருடைய பெருமை. தொல்லியலாளர் பிளெகன் பைலோஸில் கண்டெடுத்த முக்காலிப் பலகை 1953இல் அதை ஐயமற நிரூபித்தது. பாத்திரங்களின் படங்களும், புதிய ஒலி மதிப்புகளின்படி படித்த சொற்களும் அதில் ஒத்துப்போயின. மும்மைக் கைப்பிடி என்று எழுதியிருந்த இடத்தில் மூன்று கைப்பிடிப் பாத்திரமே வரையப்பட்டிருந்தது.

ஆகவே, கோபர் வாசித்தார், வென்ட்ரிஸ் அதைத் திருடினார் என்ற கதை நிற்காது. வென்ட்ரிஸ் வெறுமையிலிருந்து தொடங்கினார் என்ற கதையும் நிற்காது. அவர் பாய்ந்த ஊர்ப்பெயர்கள் கோபர் வரிசைப்படுத்தி வைத்த சொற்களே. வென்ட்ரிஸின் கூட்டாளி ஜான் சாட்விக் 1958இல் எழுதிய நூலிலேயே கோபருடைய பங்கு பதிவாகியிருக்கிறது. படித்தவர் வென்ட்ரிஸ். படிக்க முடியும் என்று நிறுவியவர் கோபர். பாடநூல்கள் இரண்டு பெயர்களையும் ஒரே வரியில் எழுத வேண்டும், கோபர் பெயரை முதலில் வைத்து.