16 வாக்குகள்: டோகெலாவை முன்வைத்துச் சில மறுப்புகள்

பசிபிக்கில் டோகெலாவ் என்றொரு இடம் இருக்கிறது. அதாஃபு, நுகுநோனு, ஃபகாஓஃபோ என மூன்று பவளத்திட்டுகள். மொத்த நிலம் 12 சதுர கிலோமீட்டர் அளவில், ஜனம் 1500 சொச்சம். விமானம் இறங்க இடம் கிடையாது. சமோவாவின் அபியா துறைமுகத்தில் கப்பல் ஏறினால் ஒரு பகலும் இரவும் கடந்துதான் கரை தெரியும். 1946 முதல் ஐ.நா.வின் ‘சுயாட்சி பெறாத பிரதேசங்கள்’ பட்டியலில் இருக்கிறது, நிர்வகிப்பது நியூசிலாந்து. 2006 பிப்ரவரியில் அங்கே ஒரு பொதுவாக்கெடுப்பு நடந்தது. நியூசிலாந்தோடு ‘சுதந்திரக் கூட்டுறவு’ கொண்ட சுயாட்சி அரசாகலாமா, வேண்டாமா என்பது கேள்வி. 349 பேர் ஆம் என்றார்கள், 232 பேர் இல்லை என்றார்கள். மூன்றில் இரண்டு பங்கு தேவை என்று விதி, போதவில்லை. 2007 அக்டோபரில் மறுபடியும் வாக்கெடுப்பு. ஆம் 446, இல்லை 246. இம்முறை 16 வாக்குகள் குறைந்தன.

செய்திகள் இதைத் ‘தோல்வி’ என்று எழுதின. அப்போது நானும் அப்படித்தான் சொன்னேன். நண்பர்கள் சிலர் கூடிப் பேசிக்கொண்டிருந்த ஒரு மாலையில், எஜமானனே வாசலைத் திறந்துவிட்டு ‘போ’ என்கிறான், அடிமை போகமாட்டேன் என்கிறான், இதுதான் காலனியம் உள்ளே இறங்கிய மனம் என்று ஃபனானைத் துணைக்கழைத்துக்கொண்டு நீளமாகப் பேசினேன். எல்லாம் கேட்டு முடித்த நண்பர் ஒருத்தர், “அங்க பிரசவம் சிக்கலாச்சுன்னா எங்க கூட்டிட்டுப் போவாங்க?” என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியவில்லை என்பதல்ல விஷயம், அந்தக் கேள்விக்கு இடமே இல்லாதபடி என் வாதத்தைக் கட்டியிருந்தேன் என்பதுதான். இக்கட்டுரை அந்த மாலைக்கான தாமதமான பதில், கொஞ்சம் பாவமன்னிப்பும்கூட.

சுயநிர்ணயம் என்ற சொல் நம்மிடம் லெனின் வழியாக வந்தது. பிறகு ஈழம் அதற்கு இரத்தமும் சதையும் கொடுத்தது. ஆகவே நம் காதில் அது விழும்போதே பிரிந்துபோதல் என்ற ஒரே பொருள்தான் ஒலிக்கிறது. ஐ.நா.வின் பிரதியில் அப்படியில்லை. 1960 டிசம்பரில் அடுத்தடுத்து நிறைவேறிய இரண்டு தீர்மானங்கள் இங்கே முக்கியமானவை. 1541ஆம் தீர்மானம் மூன்று வழிகளைச் சொல்கிறது: தனிநாடாதல், சுதந்திரக் கூட்டுறவு, முழு இணைப்பு. 1514ஆம் தீர்மானத்தின் மூன்றாம் பத்தி, அரசியல், பொருளாதார, சமூக, கல்வித் தயார்நிலை போதவில்லை என்பதை விடுதலையைத் தள்ளிப்போடும் சாக்காக ஒருபோதும் கொள்ளக்கூடாது என்கிறது. அற்புதமான பத்தி. ஆனால் நடைமுறையில் சின்னத் தீவுகளைப் பற்றிப் பேச வாயெடுத்த எல்லோரும் முதலில் கேட்டது அந்தச் சாக்கைத்தான்: ‘இவங்களால பிழைக்க முடியுமா?’

இந்தப் ‘பிழைக்கும் திறன்’ சொல்லாடலுக்கு ஒரு கல்விப்புல வடிவம் 1985இல் கிடைத்தது. பெர்ட்ராம், வாட்டர்ஸ் என்ற இரு நியூசிலாந்து ஆய்வாளர்கள் குக் தீவுகள், நியூவே, டோகெலாவ், கிரிபாட்டி, துவாலு ஆகியவற்றைப் படித்துவிட்டு, இவை உற்பத்தியால் நிற்பவையல்ல. குடிபெயர்வு, அனுப்புபணம், உதவித்தொகை, அரசு உத்தியோகம் என்ற நான்கு கால்களில் நிற்பவை என்றார்கள். நம்ம பாஷையில் மணியார்டர் பொருளாதாரம். நேர்மையாகச் சொன்னால் அவர்கள் இதை இழிவாகச் சொல்லவில்லை. இந்த ஏற்பாடு நீடித்து நிற்கக்கூடியது என்றே வாதிட்டார்கள். ஆனால் ஒரு மாதிரி புழக்கத்துக்கு வந்துவிட்டால் அதை ஆக்கியவரின் நோக்கம் யாருக்கு வேண்டும்? வளர்ச்சி அதிகாரிகளின் கையில் அது ‘இவர்கள் கை ஏந்துபவர்கள்’ என்ற மருத்துவச் சான்றிதழாக மாறிப்போனது.

இதற்கு எதிராக எபெலி ஹவ்ஓஃபா 1993இல் எழுதியதை இங்கே நினைவுகூர வேண்டும். டோங்கா வம்சாவளியினர், சுவாவில் பல்கலைக்கழக ஆசிரியர், வளர்ச்சி நிபுணர்களைப் பகடி செய்து கதைகள் எழுதியவர். தீவுகள் சிறியவை, ஏழ்மையானவை, சார்ந்தவை என்று வகுப்பில் தான் சொல்லிக்கொண்டிருப்பது மாணவர்களின் முகத்தை எப்படிக் கருக்கிவிடுகிறது என்று பார்த்து அவர் தன்னைத்தானே மறுக்கத் தொடங்கினார். கடலில் தூரத்துப் புள்ளிகளாகத் தீவுகளைப் பார்ப்பது கண்டத்துக்காரனின் கண். அந்த மக்களுக்கோ கடல்தான் வீடு, தீவுகள் அதன் அறைகள். ஆக்லாந்துக்குப் போய் வேலை பார்த்துப் பணமனுப்பும் தம்பி ‘வெளிநாட்டுக்குக் குடிபெயர்ந்தவன்’ இல்லை. வீட்டின் மற்றோர் அறைக்குப் போயிருக்கிறான், அவ்வளவே. கணக்குப் புத்தகத்தில் உதவி என்று எழுதப்படுவது உறவின் கொடுக்கல்வாங்கல்.

சொக்க வைக்கிற வாதம். எனக்கும் ஒரு காலத்தில் போதையாகவே இருந்தது. ஆனால் டோகெலாவில் வைத்துப் பார்த்தால் ஓர் இடத்தில் இடறுகிறது. 2018 கணக்கெடுப்பில் நியூசிலாந்தில் டோகெலாவ்காரர்கள் 8000க்கும் மேல். வீட்டின் மற்ற அறைகளில் இருப்பவர்களே பெரும்பான்மை. ஆனால் வாக்கெடுப்பில் அவர்களுக்கு வாக்கு இல்லை. வாக்குப்பெட்டி முதலில் அபியாவில் திறந்தது, பிறகு கப்பலேறி மூன்று திட்டுகளுக்கும் போனது. ஆக்லாந்துக்கும் வெல்லிங்டனுக்கும் போகவில்லை. தீவில் வாழ்பவனுக்கே அதன் கதியைத் தீர்மானிக்கும் உரிமை என்பது நியாயம்தான். அப்படியானால் ‘மக்கள்’ என்று நாம் சொல்வது யாரை? ஹவ்ஓஃபாவின் கடல் இங்கே வாக்காளர் பட்டியலில் முட்டி நிற்கிறது.

பொருளாதாரத்துக்கு வருவோம். பிடித்த மீனைத் தலைக்கட்டு எண்ணி ஊருக்கெல்லாம் பங்கு வைக்கும் முறை டோகெலாவில் உண்டு. ‘இனாதி’ என்று பெயர். கிழவிக்கும் பங்கு, கைக்குழந்தைக்கும் பங்கு. இது எந்தத் தேசிய வருமானக் கணக்கிலும் ஏறாது. நம்மில் சிலருக்கு இதைக் கேட்டதும் ஆதிப் பொதுவுடைமை என்று கண்ணில் நீர் வரும். வரவேண்டாம். அரசுச் சம்பளமும் கடைச் சரக்கும் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கின்றன. மூப்பர் அவையின் சொல்லுக்கு எதிர்ச்சொல் எளிதில் எழாது.

கணக்கில் ஏறும் பணம் எங்கிருந்து? பழைய கொப்பரை வியாபாரம் போய்விட்டது. பெரும்பகுதி நியூசிலாந்தின் நிதி. அதற்கடுத்தது மீன். 12 சதுர கிலோமீட்டர் நிலத்துக்கு 3 லட்சம் சதுர கிலோமீட்டருக்கும் மேல் கடல் உரிமை. அதில் சூரை பிடிக்க வரும் அந்நியக் கப்பல்களிடம் ஒரு நாளைக்கு இவ்வளவு என்று கட்டணம். சின்னத் தீவு என்கிறோமே, எதை அளந்து சொல்கிறோம்?

இன்னொரு வருமானம் விசித்திரமானது. இணையத்தில் டோகெலாவுக்கு ஒதுக்கப்பட்ட ‘டாட் டிகே’ முகவரியை ஒரு நெதர்லாந்துக் கம்பெனி எடுத்து உலகத்துக்கெல்லாம் இலவசமாக வாரிக் கொடுத்தது. ஒரு கட்டத்தில் நாடுகளுக்கான முகவரிகளிலேயே எண்ணிக்கையில் அதுதான் முதலிடம். 2 கோடிக்கும் மேல். இலவசம் என்றதும் மோசடிக்காரர்கள் குவிந்தார்கள், பெயர் நாறியது, 2023இல் புதிய பதிவுகள் நின்றன. டோகெலாவுக்குக் கிடைத்தது ஒரு சிறு பங்கு. பெயரையே குத்தகைக்கு விட்ட கதை இது. நிலத்தையும் கொப்பரையையும் தேடி வந்த காலனியத்தை நமக்குத் தெரியும். பெயரின் இரண்டெழுத்தைச் சுரண்டும் காலனியத்துக்கு இன்னும் நம்மிடம் சொல்லில்லை.

2012இல் மூன்று திட்டுகளிலும் 4000க்கும் மேற்பட்ட சூரியத் தகடுகள் நிறுவி, கப்பலில் வந்துகொண்டிருந்த டீசலை ஏறக்குறைய ஒதுக்கிவிட்டார்கள். நியூசிலாந்துப் பணத்தில்தான். ஆனால் டீசல் பீப்பாய்க்காகக் காத்திருக்க வேண்டாம் என்ற நிலை, என்னைக் கேட்டால், கொடியேற்றத்துக்குக் குறைந்ததல்ல. 2004இலேயே நிர்வாக அதிகாரம் மூன்று ஊர்களின் மூப்பர் அவைகளுக்கு வந்துவிட்டது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். பட்டியலில் காலனி, அன்றாடத்தில் அப்படிச் சொல்லிவிட முடியாத ஏதோ ஒன்று.

அப்படியானால் 246 பேர் ஏன் மறுத்தார்கள்? அவர்கள் மனதுக்குள் நான் புகுந்துவிட முடியாது. முன்பு புகுந்ததாகப் பாவனை செய்ததுதான் தப்பு. ஆனால் அவர்கள் கண்முன்னே இருந்தவை தெரியும். 1863இல் பெரு நாட்டு ஆள்பிடிக் கப்பல்கள் 200க்கும் மேற்பட்டோரை அள்ளிக்கொண்டு போன நினைவு. 1980 ஒப்பந்தத்தில் ஓலோஹேகா என்ற நான்காம் தீவின் மீதான உரிமையை அமெரிக்காவுக்கு விட்டுக்கொடுத்த அனுபவம். பக்கத்தில் நியூவே: 1974இல் இதே சுதந்திரக் கூட்டுறவுக்குப் போனது, 1960களில் 5000 பேர் இருந்த தீவு பிற்பாடு 2000க்கும் கீழே இறங்கியது. குடியுரிமை அப்படியே இருக்கும், நிதி தொடரும் என்று வரைவு ஒப்பந்தம் சொன்னது. வாக்குறுதி கொடுப்பவர் யார், மீறினால் எந்தக் கோர்ட்டுக்குப் போவது என்று மூன்று பவளத்திட்டுக்காரன் யோசிப்பது அடிமை மனமா?

பின்னால் நடந்ததையும் சொல்ல வேண்டும். 1965இலேயே சுதந்திரக் கூட்டுறவு பெற்ற குக் தீவுகள் 2025 பிப்ரவரியில் சீனாவோடு ஒப்பந்தம் போட்டது. தன்னைக் கலந்துகொள்ளவில்லை என்று நியூசிலாந்து அவ்வாண்டே 1 கோடியே 82 லட்சம் நியூசிலாந்து டாலர் நிதியை நிறுத்திவைத்தது. ‘சுதந்திர’ என்ற பெயரடைக்கு இருந்த விலை அன்றைக்குத் தெரிந்தது.

ஆனால் இதை வைத்துக்கொண்டு ‘பார்த்தீர்களா, இல்லை என்றவர்களே தீர்க்கதரிசிகள்’ என்று மறுகோடிக்குத் தாவவும் நான் தயாரில்லை. இரண்டு முறையும் பெரும்பான்மை ஆம் என்றது. மூன்றில் இரண்டு என்ற வரம்பு ஐ.நா. விதித்ததல்ல, டோகெலாவின் பொதுச்சபையே விதித்துக்கொண்டது. நியூவேயில் 1974இல் ஆம் என்றவர்கள் 65 சதவீதத்தை ஒட்டித்தான். இதே வரம்பு அங்கே இருந்திருந்தால் அதுவும் ‘தோல்வி’தான். ஊர் இரண்டுபடக் கூடாது என்ற மூப்பர்களின் எச்சரிக்கை ஒருபுறம். ஆம் என்ற 446 பேரின் விருப்பம் காற்றில் போனது மறுபுறம். இனாதியில் எல்லோருக்கும் சமபங்கு. வாக்குப்பெட்டியிலோ இல்லை என்ற ஒருவரின் எடை ஆம் என்ற இருவருக்குச் சமம்.

நண்பரின் கேள்விக்குப் பதிலைப் பிறகு தேடினேன். ஒவ்வொரு திட்டிலும் ஒரு சின்ன ஆஸ்பத்திரி உண்டு. அதற்கு மேற்பட்ட சிக்கல் என்றால் கப்பலேற்றிச் சமோவாவுக்கு, அங்கிருந்து தேவைப்பட்டால் விமானத்தில் நியூசிலாந்துக்கு. அந்தப் பயணத்தின் செலவு யார் கணக்கில் எழுதப்படும் என்பதையும் சேர்த்துத்தான் அந்த 692 பேரும் வாக்குச்சீட்டை மடித்திருப்பார்கள்.