சேலத்துத் திரைக்கலையும் டி. ஆர். சுந்தரமும்

கொல்லிமலையின் வாழவந்தி நாட்டிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து அடிவாரத்துக் காரவள்ளியில் இறங்குகிறவர்களுக்கு, 1997 இல் நாமக்கல் தனி மாவட்டமாகும் வரையில், சேலமே ஜில்லாத் தலைநகரம். கோர்ட்டுக்கும் கச்சேரிக்கும் மட்டுமன்றித் தமிழ்ப் படக்கலைக்கும் அவ்வூர் ஒரு காலத்தில் தலைநகரமாக விளங்கியது என்பதை இன்றைய தலைமுறை அறியாமலிருப்பது வருத்தத்துக்குரியது. அந்தப் பெருமையைத் தேடித் தந்தவர், 1907 இல் திருச்செங்கோட்டில் பிறந்து, இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் ஜவுளித் தொழில்நுட்பம் கற்றுத் திரும்பிய டி. ஆர். சுந்தரம்.

திரைச் சரித்திரம் எழுதுவோர் இவரை மாடர்ன் தியேட்டர்ஸ் என்னும் படநிறுவனத்தின் முதலாளி என்ற அளவிலேயே போற்றிவிட்டு, டைரக்டர் என்ற முறையில் இவருடைய தகுதியை ஆராயாமல் கடந்து செல்கின்றனர். எனக்கு இது நியாயமாகத் தோன்றவில்லை. சென்னையை நம்பியிராமல், ஏற்காடு மலைக்குச் செல்லும் சாலையில் ஸ்டூடியோ அமைத்து, 1937 இல் 'சதி அகல்யா'வைத் தாமே இயக்கி, இலங்கையிலிருந்து வந்த தவமணி தேவியை அதில் அறிமுகம் செய்த நாள் முதல், முதலாளியும் டைரக்டரும் அவரிடத்தில் பிரிக்க முடியாதபடி இணைந்தே இருந்தனர். பஞ்சு ஒரு வாசலில் நுழைந்து மறுவாசலில் துணியாக வெளிவரும் ஆலையைப் போல, கதை இலாகா, செட்டு, பாட்டு, படத்தொகுப்பு யாவும் ஒரே மதிலுக்குள் முறைப்படி நடைபெற வேண்டும் என்பது அவருடைய சித்தாந்தம்.

தலைநகரை விட்டு விலகி நின்று ஒரு படத்தொழிலை உருவாக்குவது எவ்வளவு அரிய காரியம் என்பதற்கு வெளிதேசத்திலும் சான்று உண்டு. இரண்டரை லட்சம் ஜனங்களே வாழ்ந்த ஐஸ்லாந்து தீவிலே பிரிட்ரிக் தோர் பிரிட்ரிக்சன் என்னும் இயக்குநர், தாமே ஒரு நிறுவனத்தையும் நடத்திக்கொண்டு, முதியோர் இல்லத்திலிருந்து தப்பித் தாம் பிறந்த மண்ணை நாடிச் செல்லும் இரு முதியவர்களின் கதையை 1991 இல் 'இயற்கையின் குழந்தைகள்' என்ற பொருள்படும் பெயரில் படமாக்கினார். அது ஆஸ்கார் பரிந்துரை வரை சென்று, அத்தீவின் படங்களை உலகம் கவனிக்கச் செய்தது. அவருக்கு அரை நூற்றாண்டு முன்னரே, வழிகாட்ட ஒருவருமின்றி, சேலத்தில் அம்முயற்சி தொடங்கிவிட்டது.

சுந்தரத்தின் இயக்கத்தில் நான் முதலிடம் தருவது 1940 இல் வந்த 'உத்தம புத்திரன்' படத்துக்கே. அரசனும் அவனுடைய இரட்டைப் பிறவியுமாக பி. யு. சின்னப்பாவை நடிக்கச் செய்து, ஒரே முகத்தில் இரண்டு குணங்களை ஜனங்கள் பிரித்தறியும்படி காட்டிய அந்தப் படம், பின்னர் எண்ணற்ற தமிழ்ப் படங்கள் பின்பற்றிய இரட்டை வேட மரபுக்கு முன்னோடி. ஈராண்டுகளுக்குப் பின் சுந்தரம் பிள்ளையின் 'மனோன்மணீயம்' என்னும் செய்யுள் நாடகத்தை அதே சின்னப்பாவையும் டி. ஆர். ராஜகுமாரியையும் கொண்டு 'மனோன்மணி' ஆக்கியபோது, படிப்பதற்கென்றே எழுதப்பட்ட ஒரு நூலைப் பாமர ஜனங்களின் கண்முன் நிறுத்தத் துணிந்தார். யுத்தப் பிரசாரமாக அமைந்த 1945 இன் 'பர்மா ராணி'யை அவ்வளவு உயர்வாகச் சொல்வதற்கில்லை.

இலக்கியத்தின்பால் இருந்த அந்த நாட்டமே 1950 இல் பெரும்பயன் தந்தது. பாரதிதாசனின் 'எதிர்பாராத முத்தம்' 'பொன்முடி' ஆயிற்று. குண்டலகேசிக் கதையைத் தழுவிய மு. கருணாநிதியின் நாடகம் 'மந்திரி குமாரி' ஆயிற்று. இயக்குநர் எல்லிஸ் ஆர். டங்கன் தொடங்கிய 'மந்திரி குமாரி'யில் சுந்தரத்துக்கும் இயக்கத்தில் பங்கு உண்டு. அதன் மலை உச்சிக் காட்சியை ஒரு முறை பார்த்தவர் மறப்பது அரிது. தன்னைத் தள்ளிக் கொல்வதற்காகவே கணவன் அழைத்து வந்திருக்கிறான் என்பதை அறியாமல் அமுதவல்லி அவனோடு பாடிக்கொண்டே மேலேறுகிறாள். திருச்சி லோகநாதனும் ஜிக்கியும் பாடிய, ஜி. ராமநாதன் இசையமைத்த அந்தப் பாட்டின் இனிமையும் அவனுடைய உள்நோக்கமும் ஒன்றோடொன்று முரண்பட்டு நிற்க, உண்மை வெளிப்பட்டதும் அவனை வலம்வர அனுமதி கேட்டுச் சுற்றிவந்து அவளே அவனைத் தள்ளிவிடுகிறாள். வசனத்தின் வலிமைக்காகப் புகழப்படும் படத்தில், மலைச்சரிவும் பாட்டும் நடையும் சேர்ந்து வசனத்துக்கு அதிக இடம் வைக்காமல் கதையை நடத்திச் செல்லும் பகுதி இது.

1956 இல் எம். ஜி. ஆர்., பானுமதி நடிக்கச் சுந்தரம் இயக்கிய 'அலிபாபாவும் 40 திருடர்களும்', தமிழின் முதல் முழுநீள வர்ணப் படம் என்ற புகழைப் பெற்றது. இதனினும் விசேஷமாக நான் கருதுவது மலையாளத்துக்கு அவர் செய்த உதவியையே. 1938 இல் நொட்டாணி இயக்கத்தில் அம்மொழியின் முதல் பேசும் படமாகிய 'பாலன்' சேலத்திலேயே தயாராயிற்று; 1961 இல் அதன் முதல் வர்ணப் படமாகிய 'கண்டம் பெச்ச கோட்டு' அவருடைய இயக்கத்திலேயே வெளிவந்தது. பேச்சும் நிறமும் மேற்குத் தொடர்ச்சி மலையைக் கடந்து சென்றது இந்த ஊரிலிருந்துதான்.

1963 இல் அவர் காலமானார். அதன்பின் அவருடைய குமாரரின் பொறுப்பில், ஜெய்சங்கர் நடித்த துப்பறியும் படங்களோடு அந்த ஸ்தாபனம் சில காலம் தொழில் நடத்திற்று.