கான்கிரீட் குளம்தான் கட்ட வேண்டும்!

இஞ்சம்பாக்கத்தில் எங்கள் வீட்டு நீச்சல் குளத்தைப் பார்க்க யார் வந்தாலும், அதன் மேற்குச் சுவரின் வளைவைத்தான் முதலில் காட்டுவேன். கொல்லையில் ஒரு பழைய புன்னை மரம் நிற்கிறது. அதன் வேருக்கு இடம் விட்டு ஒதுங்கி, ஒய்யாரமாக வளைந்து போகிறது சுவர். மரம் எங்கே நிற்கிறதோ அதற்கேற்பக் குளம் கட்டலாம் என்று தெரிந்த அன்றே நான் கான்கிரீட்டின் பக்கம் சாய்ந்துவிட்டேன். இன்றுவரை அந்தக் காதல் குறையவில்லை!

வீட்டுக் குளம் என்றால் பெரும்பாலும் மூன்று வழிகள். இரும்புத் தகடோ கட்டடச் சுவரோ எழுப்பி, உள்ளே வினைல் ஷீட் விரிப்பது ஒன்று. செலவு குறைவுதான், ஆனால் சில ஆண்டுகளில் ஷீட்டை மாற்றியாக வேண்டும். அடுத்தது ஃபைபர் கிளாஸ். தொழிற்சாலையில் அச்சில் வார்த்த தொட்டியை லாரியில் கொண்டுவந்து, கிரேனால் தூக்கிக் குழியில் இறக்கிவிடுவார்கள். வழவழப்பானது, பாசி எளிதில் பிடிக்காது, சில நாள்களில் வேலை முடிந்துவிடும். அவசரக்காரர்களுக்கு அருமையான பொருள். ஆனால் அச்சில் என்ன வடிவமோ அதுதான் குளம். எங்கள் தெருவின் முனை திரும்பி அந்த லாரி உள்ளே வரவும் வழியில்லை. மூன்றாவது, கம்பி கட்டி அங்கேயே உருவாக்கும் கான்கிரீட் குளம்.

எங்கள் மண்ணுக்கு அது ஏன் இவ்வளவு பொருந்துகிறது என்பதைச் சொல்லாமல் இருக்க முடியாது. கிழக்குக் கடற்கரைச் சாலை ஓரம் முழுக்க மணல். ஐப்பசி, கார்த்திகை மழையில் நிலத்தடி நீர் மளமளவென்று மேலே வந்துவிடும். அந்த நேரத்தில் குளம் காலியாக இருந்தால், வெளியே உள்ள நீர் அதை மேலே தூக்கும். தண்ணீரில் கப்பல் மிதக்கிற அதே கணக்குதான். ஃபைபர் தொட்டி ஒன்றிரண்டு டன்தான் இருக்கும். எங்கள் குளமோ 8 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், 20 செ.மீ. தடிமன். வெறும் ஓடு மட்டுமே ஏறத்தாழ 30 டன்! அடித்தளத்தைச் சுவருக்கு வெளியேயும் ஓரடி நீட்டியிருப்பதால், அதன் மேல் கிடக்கும் மணலும் சேர்ந்து அழுத்திப் பிடிக்கிறது. அதற்கும் மேலே பாதுகாப்பாக, அடிமட்ட வடிகாலில் ஓர் அழுத்த வால்வு. வெளியே அழுத்தம் கூடினால் அது திறந்து நிலத்தடி நீரை உள்ளே விட்டுவிடும். இத்தனை இருந்தாலும் மழைக்காலத்தில் குளத்தைக் காலி செய்யக் கூடாது. இதை மட்டும் வருகிறவர்கள் எல்லோரிடமும் சொல்லி அனுப்புகிறேன்.

நீர்மட்டம் இறங்கியிருக்கும் வைகாசியில் தோண்டினோம். சுவருக்குக் கலவையைப் பீய்ச்சி அடிக்கும் முறை. அதன் கதை எனக்கு மிகவும் பிடிக்கும். சிகாகோ ஃபீல்டு அருங்காட்சியகத்தில் விலங்குகளின் உடல்களைப் பாடம் செய்துகொண்டிருந்த கார்ல் ஏக்லி உருவாக்கிய கருவி அது. 1911-இல் காப்புரிமை பெற்றார். யானைகளை உயிரோடு நிற்பதுபோல் நிறுத்திய அந்தக் கைகளுக்குத்தான் வளைவின் அருமை தெரிந்திருக்க வேண்டும் என்று நினைத்துக்கொள்வேன். பலகை ஒரு பக்கம் அடித்தால் போதும், எந்த வளைவும் வரும்.

பீய்ச்சிய நாள் எங்கள் வீட்டில் திருவிழா. சிமென்டும் மணலும் சல்லியும் உலர்வாகவே குழாயில் காற்றோடு பாய்ந்து வந்து, நுனியில்தான் தண்ணீரோடு கலக்கின்றன. "இன்னைக்கு நடுவுல நிறுத்தக் கூடாது சார், மோட்டாரை மட்டும் பாத்துக்குங்க" என்றார் மேஸ்திரி. கம்பிக்குப் பின்னால் பொந்து விழாமல் நாசிலைப் பிடித்தவரின் நேர்த்தி இருக்கிறதே, கை எடுத்துக் கும்பிடலாம்! தெறித்து விழுந்த கலவையில் ஒரு சட்டிகூடத் திரும்ப உள்ளே போகவில்லை. அது வலு இழந்த கலவை, வாரி வெளியே கொட்ட வேண்டியதுதான். வேலை நடக்கும்போது நீங்கள் பக்கத்திலேயே நின்று பார்க்க வேண்டிய விஷயம் இது.

பிறகு கோணிச்சாக்கு போர்த்தி, காலையும் மாலையும் தண்ணீர் விட்டோம். கான்கிரீட் அதற்குக் கணக்கிட்ட வலுவை எட்டும் 28 நாள் கணக்கு முடியும்வரை டைல்ஸ் பேச்சே எடுக்கவில்லை. நிரப்பிப் பார்க்கும் சோதனைக்கு ஒரு வாளியில் நீர் ஊற்றிப் படியில் வைத்து, உள்ளேயும் வெளியேயும் மட்டத்தைக் குறித்தோம். வெயிலில் இரண்டும் ஒரே அளவு இறங்கின. கசிவே இல்லை! சுமார் 40,000 லிட்டர் தண்ணீரை அது அப்படியே தாங்கி நின்றதைப் பார்த்தபோது வந்த மகிழ்ச்சியை எப்படிச் சொல்வது!

படிக்கட்டைச் சொல்லாமல் விட்டேனே. அம்மாவுக்கு முழங்கால் வலி. அவள் சிறுவயதில் ஊர்க் கிணற்றில் குதித்து நீந்தியவள். அவளுக்காகவே உயரம் குறைந்த, இரண்டு காலும் சேர்த்து வைக்கும் அகலமுள்ள படிகள். கடைசிப் படியை ஒட்டி, மார்பளவுத் தண்ணீரில் உட்கார ஒரு திண்ணை. எல்லாம் கான்கிரீட்டிலேயே, சுவரோடு சேர்ந்தே வார்த்தது. அளவெடுக்க அவளையே குழிக்குள் நாற்காலி போட்டு உட்கார வைத்தார் மேஸ்திரி. "அம்மா, கால் தரையைத் தொடுதா பாருங்க" என்று கேட்டுக் கேட்டு உயரத்தைக் குறித்தார். எந்த அச்சு தரும் இதை?

ஆமாம், நாள்கள் கூடுதல், செலவும் கூடுதல். டைல்ஸ் இடுக்குகளுக்கு எபாக்ஸி போட்டால் அதற்கும் தனிக் காசு, ஆனால் கட்டாயம் போடுங்கள், குளோரினுக்கு அசையாது. உங்களுக்குக் குளம் கட்டும் எண்ணம் இருந்தால் இந்தக் கார்த்திகையில் வீட்டுக் கிணற்றை எட்டிப் பார்த்து நீர்மட்டத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு எங்கள் வீட்டுக்கு வாருங்கள், அம்மாவின் திண்ணையில் உட்கார்ந்து எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசலாம்.