மொட்டைமாடி பைன் பெஞ்சு

பேக்கிங் பெட்டியைப் பிரித்துச் செய்த பைன் பெஞ்சு ஒரே கோடையில் சாம்பல் பூத்துவிடும். மர இழைகளைப் பிடித்திருக்கும் லிக்னினை வெயிலின் புற ஊதாக் கதிர் சிதைக்கிறது. மழை கழுவிக்கொண்டு போகிறது. பலர் பளபளவென்று வார்னிஷ் அடிக்கிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கையில்லை: வெடித்த இடத்தில் புகுந்த நீர் வெளியேறாமல் மரத்தை உளுக்கவைக்கும். நிறமி கலந்த வுட் ஸ்டெயின்தான் என் கட்சி. நிறமி வெயிலைத் தடுக்கும். மரத்தின் வரிகளும் மறையாது. தேன் நிறம் ஏறிய பைனில் கணுக்கள் கருஞ்சிவப்பாகத் தெரிவது தனி அழகு (கணுவை வெறுக்கும் ஆசாரிகள் மன்னிக்க).

பெஞ்சைக் கவிழ்த்துக் கால்களைப் பாருங்கள். அறுத்த முனை உறிஞ்சுகுழல்போலத் தண்ணீரை இழுக்கும். யாரும் பார்க்காத அந்த இடத்துக்குத்தான் இரண்டு மூன்று கோட் கூடுதலாக வேண்டும். அடியில் ரப்பர் புஷ் மாட்டினால் தேங்கிய மழைநீரும் தொடாது.