காட்ஸில்லாப் படங்களும் சுவைஞர் உள்ளமும்

ஜப்பான் நாட்டின் தோஹோ நிறுவனத்தார் 1954-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 3-ஆம் நாள் வெளியிட்ட ‘கோஜிரா’ என்னும் திரைப்படம் நீண்டதொரு படவரிசைக்குத் தோற்றுவாய் ஆயிற்று. உலகம் காட்ஸில்லா என வழங்கும் அப்பெருவிலங்கைத் தலைமையாகக் கொண்டு, 2023-ஆம் ஆண்டு முடிய, அந்நிறுவனம் நடிகரை வைத்து எடுத்த படங்கள் 30. அசைவோவியப் படங்கள் 3. இவற்றை விரும்பிக் காண்போர் கடல் கடந்த நாடுகளிலும் உளர். ஆயினும், ஒருவன் தடித்த உடைக்குள் புகுந்து பொம்மை நகரத்தை மிதிப்பதில் சுவைத்தற்கு யாது உளது என வினவுவார் கற்றாருள்ளும் பலர். அவ்வினாவிற்கு இருவகை விடைகள் வழக்கமாகக் கூறப்படுகின்றன. காண்போர் பொய்யை மெய்யென மயங்கும் சிறுவர் என்பது ஒன்று. நகரங்கள் இடிந்து வீழ்வதைக் காண்பதில் மாந்தர்க்கு ஓர் ஆசை உண்டு என்பது மற்றொன்று. இவ்விரு விடைகளும் பொருந்துமா என்பதே ஈண்டு நம் ஆராய்ச்சி.

முதற்படத்தை நோக்குவோம். 1954 மார்ச்சு 1-ஆம் நாள் அமெரிக்கர் பிக்கினித் தீவில் வெடித்த நீரகக் குண்டின் கதிர்ச்சாம்பல், ‘ஐந்தாம் ஃபுகுரியூ மாரு’ என்னும் ஜப்பானிய மீன்பிடி கப்பலின்மேல் பொழிந்தது. அதிலிருந்த 23 பேரும் நோயுற்றனர். அவருள் கம்பியில்லாத் தந்தி இயக்கியவர் செப்டம்பர் 23-ஆம் நாள் இறந்தார். அவர் இறந்த ஆறு வாரங்களுக்குள் படம் அரங்கிற்கு வந்தது. கடலில் ஒரு கப்பல் திடீர் ஒளியால் தாக்குண்டு எரிந்து மூழ்குவதே படத்தின் தொடக்கம். அன்றைய ஜப்பானியர் இதன் குறிப்பை உணராதிருந்திருக்க இயலாது. விலங்கு டோக்கியோவை எரிக்கும் இரவில் ஒரு தாய் தன் குழந்தைகளை அணைத்தவாறு, விரைவில் தந்தையிடம் சேர்ந்துவிடுவோம் என்று தேற்றுகின்றாள். பின்னர், காயமுற்றோர் நிறைந்த கூடத்தில் குழந்தை ஒன்றன் அருகே கதிர்வீச்சை அளக்கும் கருவி நீட்டப்படுகின்றது. படத்தை இயக்கிய ஹொண்டா இஷிரோ, படைவீரராயிருந்து போர் முடிந்து மீண்டபோது ஹிரோஷிமாவின் அழிவைக் கண்ணாரக் கண்டவர். அழிவைக் கண்டு களிப்பதே சுவைஞர் நோக்கமாயின், இத்தகைய காட்சிகள் அக்களிப்புக்குத் தடையாகவே நிற்கும். ஆனால் அவர்களோ, வரிசை முழுவதிலும் இப்படத்தையே தலையாயதாக வைத்துப் போற்றுகின்றனர்.

அச்சத்திற்கு நிலைக்களன்களாகத் தொல்காப்பியர் அணங்கு, விலங்கு, கள்வர், இறை என நான்கினை மெய்ப்பாட்டியலில் வகுத்தார். காட்ஸில்லா விலங்கு என்பது வெளிப்படை. ஓடோத் தீவு முதியவர் அதனைக் கடலுறை தெய்வமாகக் கூறுதலின் அஃது அணங்கும் ஆம். இவ்விரண்டோடு நில்லாமல், நான்காவதாகிய இறையச்சத்தின் சாயலும் அதன்மேல் படிகின்றது. இறைக்கு அஞ்சுவோர் தம் பிழையை அறிந்து அஞ்சுவோர். ஆழ்கடலில் உறங்கிய விலங்கை எழுப்பியது மாந்தர் வெடித்த குண்டு. ஆதலின் அதன் காலடி ஓசை, பிழை செய்தாரை நாடி வரும் ஒறுப்பின் ஓசையாகவும் கேட்கின்றது. வேறு பெருவிலங்குப் படங்கள் பல இந்த நான்காம் படியை எட்டாமையாலேயே மறக்கப்பட்டன என்பது நம் கருத்து.

அச்சத்தோடு அழுகையும் உடன் நிற்றல் மேலும் கருதத்தக்கது. செரிசாவா என்னும் அறிஞர், தாம் கண்ட கொடிய கருவி பிறர் கைப்படலாகாது என்று குறிப்புகளை எரித்துவிட்டு, விலங்கோடு தாமும் கடலடியில் மாய்கின்றார். வெற்றி கிடைத்தும் மனம் நிறைவதில்லை. அவ்விலங்கைக் கொல்லலாகாது, ஆராய்தல் வேண்டும் என்று தொடக்கமுதல் வாதிட்டுத் தனித்து நிற்பவர் முதிய அறிஞர் யமானே. (நம்மனோர்க்கு அவர்பால் ஒரு பரிவு தோன்றுதல் இயல்பே.) குண்டினால் துன்புற்ற நகரமும், குண்டினால் துன்புற்ற விலங்கும் ஒன்றையொன்று அழிக்கின்றன. இருபாலும் இரங்கவேண்டிய நிலையில் காண்போனை நிறுத்துவதே இப்படத்தின் ஆற்றல்.

இனி, பொய்த்தோற்றம் பற்றிய குற்றச்சாட்டிற்கு வருவோம். சிறப்புக் காட்சிகளை அமைத்த சுபுராயா எய்ஜி, 1933-இல் வந்த ‘கிங் காங்’ படத்தில் ஈடுபட்டவர். அதிற்போலச் சிறு பாவையைச் சிறிது சிறிதாக அசைத்துப் படம்பிடிக்கவே முதலில் விரும்பினார். காலமும் பொருளும் இடந்தரவில்லை. ஆகவே விலங்குடைக்குள் ஓர் ஆளை நிறுத்தினார். முதலில் செய்த உடையின் எடை ஏறத்தாழ 100 கிலோ. அதனை அணிந்த நகாஜிமா ஹருவோ, நடைபழகும் பொருட்டு விலங்குக் காட்சிச் சாலைக்குச் சென்று யானை, கரடி முதலியவற்றின் அசைவுகளைக் கண்டு பயின்றார். 1972 வரை அப்பணியில் இருந்தார். ஏறத்தாழ இருபத்தைந்தில் ஒரு பங்கு அளவில் கட்டிய சிற்றுருக் கட்டடங்களை அவர் இடிப்பதைப் படக்கருவி வழக்கத்தினும் விரைவாக ஓடிப் பதிந்தது. வழக்கமான விரைவில் திரையிட்டபோது சுவர்கள் மெல்ல வீழ்ந்தன. மெல்ல வீழ்வது பெரியது எனக் கண் கொள்ளும். விலங்கின் முழக்கமோ இசையமைப்பாளர் இஃபுகுபே அகிராவின் சிந்தனையில் பிறந்தது. பெருநரம்பு வாத்தியம் ஒன்றன் தளர்த்திய நரம்பைப் பிசின் தடவிய தோலுறையால் இழுத்து எழுப்பிய ஒலி அதற்கு அடிப்படை.

இவற்றையெல்லாம் சுவைஞர் அறிவர். எந்தப் படத்தில் எந்த உடை, அதனுள் இருந்தவர் யார் எனப் பிரித்துக் கூறுவர். ஆகவே அவர்கள் மயங்கியவர் அல்லர். ஜப்பானியரின் பாவைக்கூத்தாகிய புன்ராக்குவில் பாவையை இயக்குவோர் அரங்கிலேயே நிற்பர். தலைமை இயக்குநரின் முகம் பெரும்பாலும் மூடப்படுவதும் இல்லை. காண்போர் அவரையும் காண்பர், பாவையின் துயருக்கும் கண்ணீர் விடுவர். காட்ஸில்லாவின் சுவைஞரும் அவ்வாறே உடைக்குள் மூச்சுத் திணறும் ஒரு மனிதனின் உழைப்பை உணர்ந்துகொண்டே விலங்கிற்கு அஞ்சுகின்றனர். தூக்கவொண்ணாத உடையைத் தூக்கி நடந்தவரின் தளர்ச்சி, விலங்கின் பெருமிதமாகத் திரையில் மாறியது. கருவிக் குறையால் நேர்ந்த இவ்வமைப்பு, கலைப்பயனால் நிறைவு ஆயிற்று.

இங்ஙனம் கூறுதலால் வரிசை முழுவதையும் நாம் புகழ்வதாகக் கொள்ளற்க. 1964-இல் மூன்று தலை கிடோரா வந்த படமுதல் காட்ஸில்லா காவலனாக மாறத் தொடங்கிற்று; மறு ஆண்டில் வேற்றுக்கோள் ஒன்றில் துள்ளி ஆடவும் செய்தது. முன்னைப் படங்களின் சண்டைக் காட்சிகளை வெட்டி ஒட்டிய 1969-ஆம் ஆண்டுப் படத்தைப் பெற்றோர் வேலைக்குச் செல்லத் தனித்திருக்கும் சிறுவனின் கனவு என்று சிலர் காத்துரைப்பர். சிறுவனின் கதை நன்று, ஒட்டுவேலை ஒட்டுவேலையே. தொழிற்சாலைக் கழிவே உருவெடுத்து வரும் 1971-ஆம் ஆண்டின் ஹெடோராப் படம் இக்காலத்துக்கு விதிவிலக்கு.

சுவைஞர் எதனைப் போற்றுகின்றனர் என்பது, அவர்கள் எதனை ஒதுக்கினர் என்பதாலும் விளங்கும். 1956-இல் அமெரிக்காவில் வெளியான திருத்தத்தில் ரேமண்டு பர் நடித்த செய்தியாளர் புகுத்தப்பட்டார். நாகசாகியில் உயிர்தப்பியதைப் பற்றி ஒரு பெண் கூறும் சொற்கள் நீக்கப்பட்டன. 2004-இல் மூலப்படம் அங்குள்ள அரங்குகளுக்கு வந்தபோதே பலர் இழப்பின் அளவை அறிந்தனர். 1998-இல் அமெரிக்கர் தாமே எடுத்த படத்திலோ கணிப்பொறியால் ஆகிய விலங்கு படைக்கலங்களுக்கு அஞ்சி ஓடிற்று, ஏவுகணைகளால் மாண்டது. அளவு இருந்தது, விரைவு இருந்தது, அணங்கு இல்லை. 2004-ஆம் ஆண்டுப் படத்தில் தோஹோவின் காட்ஸில்லா அதனைச் சிட்னி நகரில் கணப்பொழுதில் வீழ்த்துவதாக அமைத்தமை ஒருவகைத் திறனாய்வே எனலாம்.

கணிப்பொறி வரைகலையே குற்றம் என்பார் கூற்று இதனால் நிலைபெறுமோ எனின், பெறாது. 2011-ஆம் ஆண்டின் நிலநடுக்கத்தையும் ஃபுகுஷிமா அணுவுலைக் கேட்டையும் நினைப்பூட்டும் 2016-ஆம் ஆண்டுப் படத்தில் விலங்கு கணிப்பொறியில் ஆக்கப்பட்டதே. ஆயினும் அதன் அசைவுக்கு உடல் தந்தவர் கியோகென் என்னும் பழங்கூத்தில் வல்ல நொமுரா மன்சாய். யமசாக்கி தகாஷி இயக்கிய 2023-ஆம் ஆண்டுப் படத்தில் உடைக்குள் மனிதர் இல்லை. 2024 மார்ச்சில் காட்சியமைப்பிற்கான ஆஸ்கார் பரிசு இவ்வரிசையில் முதன்முறையாக அதற்கே கிடைத்தது. அங்கு மனிதப் பளுவைச் சுமப்பவன், உயிர்ப்பலிப் பறப்பிலிருந்து தப்பிவந்து, தன் அச்சத்தால் பிறர் மாண்டனர் என வெந்து வாழும் வானோடி ஷிகிஷிமா. அவன் காணும் காட்ஸில்லா அவன் பிழையின் உருவம். இறுதியில் உடல் பிளந்து கடலில் ஆழும் அவ்விலங்கை நோக்கி, அதனைக் கொல்ல வந்த கப்பலோர் கையுயர்த்திப் படைமுறை வணக்கம் செலுத்துகின்றனர்.