டீக்கடைக்கு வெளியே நிற்கும் வாசகி

சி.பா. ஆதித்தனாரின் தினத்தந்தியைப் பற்றிப் பேசும்போது நம் அறிவாளர்கள் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்த கூலித் தொழிலாளியின் கையில் நாளிதழைக் கொடுத்தவர் என்று அவரைப் புகழ்கிறார்கள். அல்லது கொலை, கொள்ளை, கள்ளக்காதல் என்று சொல்லி முகம் சுளிக்கிறார்கள். இரு தரப்பும் கேட்காத கேள்வி ஒன்று உண்டு. அந்த வாசகர் ஆணா, பெண்ணா?

ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழிற்பட்டையில் வாழ்கிறவள் என்பதால் எனக்கு இது வெறும் வரலாற்றுக் கேள்வி அல்ல. ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கும் பெண்களை இங்கே தினமும் பார்க்கிறேன். அதே சாலையில், டீக்கடை பெஞ்சில், நாளிதழின் தாள்கள் தனித்தனியாகப் பிரிக்கப்பட்டு நாலைந்து ஆண்களின் கைகளில் இருக்கும். கூலி வாங்கும் தொழிலாளி என்ற வகையில் இந்தப் பெண்களும் ஆதித்தனார் தேடிய வாசகர்கள்தான். ஆனாலும் பத்திரிகை அவர்களைத் தாண்டிப் போய்விடுகிறது. ஏன் தாண்டுகிறது என்பதற்கான விடையை ஆசிரியரின் மனப்போக்கில் மட்டும் தேடிப் பயனில்லை. அந்தத் தொழில் எப்படிக் கட்டப்பட்டது என்று பார்க்க வேண்டும்.

ஆதித்தனார் லண்டனில் பாரிஸ்டர் படித்தவர், சிங்கப்பூரில் வழக்கறிஞராக இருந்தவர். 1942 நவம்பர் 1 அன்று மதுரையில் பத்திரிகையைத் தொடங்கினார். அப்போது யுத்தகாலம், காகிதத்துக்குக் கடும் தட்டுப்பாடு. வைக்கோலைக் கூழாக்கிக் கையால் காகிதம் செய்து அச்சடித்தார். பிற்காலத்தில் குடும்பத்துக்குச் சொந்தக் காகித ஆலையே வந்தது. மூலப்பொருளுக்கு மற்றவர் கையை எதிர்பார்க்கக் கூடாது என்பது அவருடைய முதல் தொழில் பாடம்.

இரண்டாவது பாடம் வேகம். 'தந்தி' என்ற பெயரே அதைச் சொல்லும். ஓரிடத்தில் அச்சடித்து ரயிலில் அனுப்பினால் செய்தி பழசாகிவிடும். அதனால் மதுரை, சென்னை, திருச்சி, சேலம், நெல்லை, கோவை என்று ஒரே பத்திரிகை ஊர் ஊராக அச்சாகத் தொடங்கியது. ஒவ்வொரு பதிப்பிலும் அந்த வட்டாரத்துச் செய்தி இருந்தது. தமிழ் நாளிதழை மாநகரப் படித்தவரின் சொத்து என்ற நிலையிலிருந்து பெயர்த்தெடுத்தது இந்த ஏற்பாடுதான்.

மூன்றாவது பாடம் மொழி. பேசுகிற தமிழைக் கொச்சை நீக்கி எழுதினால் போதும், வாக்கியம் சிறியதாக இருக்க வேண்டும் என்று நிருபர்களுக்குக் கையேடே எழுதினார். சமஸ்கிருதம் கலந்த தமிழும் மேடைத் தமிழும் கோலோச்சிய காலத்தில் இது சின்ன விஷயம் அல்ல. சாதியாலும் வறுமையாலும் பள்ளிக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்கள் உலகச் செய்தி படிக்க அது வழி செய்தது. பெண்ணியம் பேசுகிற நாம் இதை லேசாக ஒதுக்கிவிட்டுப் போக முடியாது.

இந்த மூன்று பாடங்களும் பொருளாக மாறிய இடம் டீக்கடை. கடைக்காரர் ஒரு பிரதி வாங்குவார், இருபது முப்பது பேர் படிப்பார்கள். சலூனிலும் அப்படித்தான். படிக்கத் தெரியாதவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவர் வாசித்துக் காட்டுவார். காசு கொடுத்து வாங்க முடியாதவரையும் வாசகராக்கிய இந்த ஏற்பாடு பத்திரிகையின் செல்வாக்கைப் பெருக்கியது. உரிமையாளரின் செல்வாக்கும் கூடவே பெருகியது. 1967-ல் தி.மு.க. ஆட்சிக்கு வந்தபோது ஆதித்தனார் சட்டமன்றத் தலைவர் ஆனார், பிறகு அமைச்சர் ஆனார்.

தமிழ்ப் பொதுவெளி டீக்கடையில் பிறந்தது என்று பெருமையாகச் சொல்கிறோம். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து பெண் பேப்பர் படிப்பதை எத்தனை ஊரில் பார்த்திருக்கிறோம்? விநியோகத்துக்கு டீக்கடையையும் சலூனையும் மையமாக வைத்த நொடியிலேயே வாசகர் ஆண் என்று முடிவாகிவிட்டது. யாரும் தீர்மானம் போட்டுப் பெண்களை விலக்கவில்லை. விலக்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. ஊர் ஏற்கெனவே விலக்கி வைத்திருந்தது, வியாபாரம் அதன்மேல் கட்டிடம் எழுப்பிக்கொண்டது.

வீட்டில் இருக்கும் பெண்ணுக்கு 1962-ல் 'ராணி' வார இதழ் வந்தது. கதை, குடும்பம், சமையல் என்று அதற்கும் பெரிய வாசகர் கூட்டம் சேர்ந்தது. பல பெண்கள் விடாமல் படிக்கும் பழக்கத்தை அதிலிருந்தே பெற்றார்கள், அதையும் மறுக்க வேண்டியதில்லை. ஆனால் பிரிவினை தெளிவானது. நாட்டு நடப்பு தெருவுக்கு, கதையும் குறிப்பும் வீட்டுக்கு. ஒரே முதலாளி இரண்டு சந்தைகளை வைத்திருந்தார், நடுவில் வாசற்படி இருந்தது.

தெருவுக்குப் போன பத்திரிகையில் பெண் இல்லாமல் இல்லை. மிக அதிகமாகவே இருந்தாள், ஆனால் பண்டமாக. விபசார வழக்கில் போலீஸ் பிடித்தால் அவள் 'அழகி'. திருமணத்துக்கு வெளியே உறவு என்றால் 'கள்ளக்காதல்', 'உல்லாசம்'. வன்புணர்வு நெடுங்காலம் 'கற்பழிப்பு' என்றே அச்சானது, குற்றம் செய்தவனை விட்டுவிட்டு இழந்தவளின் கற்பைக் கணக்குப் பார்க்கும் சொல் அது. இந்தச் சொற்களைத் தினத்தந்தி மட்டும் புழங்கவில்லை. அதன் விற்பனையைக் கண்டு பின்பற்றிய நாளிதழ்களும் புழங்கின. எளிய தமிழ் என்ற நல்ல கருவி பெஞ்சில் உட்கார்ந்திருப்பவரின் கண்ணுக்கு ஏற்பத் தீட்டப்பட்டது. பெண்ணும் எதிரே அமர்ந்து படிப்பாள் என்ற எண்ணம் இருந்திருந்தால் 'அழகி' என்று எழுதும்போது கை கொஞ்சமாவது கூசியிருக்கும்.

அதே பத்திரிகையில் 1960 முதல் வரும் 'கன்னித்தீவு' படக்கதையில் மந்திரவாதி மூசா இளவரசி லைலாவைப் பொம்மை அளவுக்குச் சுருக்கிவிடுகிறான். தளபதி சிந்துபாத் அவளைச் சுமந்துகொண்டு அலைகிறான். அது குழந்தைகளுக்கான வேடிக்கை. செய்திப் பக்கங்களில் பெண்ணின் அளவு குறைந்தது மட்டும் வேடிக்கையாக இல்லை.

இனி இந்தச் சாலைக்கு வருவோம். 2006-ல் நோக்கியா ஸ்ரீபெரும்புதூரில் கைபேசித் தொழிற்சாலை திறந்தபோது, வீடும் அல்லாத டீக்கடையும் அல்லாத ஒரு வாழ்க்கைக்குள் ஆயிரக்கணக்கான இளம்பெண்கள் வந்தார்கள். விடுதி, பஸ், ஷிப்ட், மறுபடி விடுதி. 2014 நவம்பரில் அந்த ஆலை மூடப்பட்டது. பிறகு சுங்குவார்சத்திரத்தில் பாக்ஸ்கான் ஐபோன் பூட்டும் வேலையைப் பெருக்கியபோது பெண்கள் கூட்டம் இன்னும் பெரிதானது. 'ராணி'யின் வீட்டில் இவர்கள் இல்லை, 'தந்தி'யின் பெஞ்சிலும் இல்லை. பத்திரிகைத் தொழில் வரைந்து வைத்திருந்த இரண்டு கட்டங்களிலும் இவர்களுக்கு இடமில்லை.

அதன் விலை 2021 டிசம்பரில் தெரிந்தது. பூந்தமல்லி அருகே ஒரு விடுதியில் உணவு நஞ்சாகிப் பாக்ஸ்கான் பெண் தொழிலாளர்கள் 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். அவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்ற தகவல் மற்றவர்களுக்குச் சரியாக வந்து சேரவில்லை. சிலர் இறந்துவிட்டார்கள் என்று வாட்ஸ்அப்பில் பரவியது. பெண்கள் இரவோடு இரவாகத் திரண்டு சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். யாரும் இறக்கவில்லை என்பது உண்மை. அன்று முதல் அந்தப் போராட்டத்துக்கு 'வதந்தி' என்ற முத்திரை ஒட்டிக்கொண்டது, படிப்பறிவில்லாத பெண்கள் எதையோ நம்பி ஓடிவந்தார்கள் என்பதுபோல.

நான் இதை வேறுவிதமாகப் படிக்கிறேன். நம்பகமான செய்தி போக வேண்டிய இடத்தில் செய்தி போகாதபோது அந்த இடம் காலியாக இருக்காது. வேகத்தையே பெயராக வைத்துக்கொண்டு, ஒவ்வொரு தாலுகாவிலும் ஆள் வைத்திருக்கும் தொழில், 159 பேர் எந்த மருத்துவமனையில் எப்படி இருக்கிறார்கள் என்பதை அவர்களோடு வேலை செய்கிற பெண்களின் கையில் சேர்க்க முடியவில்லை. அந்த வதந்தியில் பெண்களின் அறியாமையைக் காண்கிறவர்கள் பத்திரிகை விநியோக வரைபடத்தில் இருந்த ஓட்டையையும் காண வேண்டும்.

விடுதிகளின் நிலையை விரிவாக எழுதியது ராய்ட்டர்ஸ். ஓர் அறையில் ஆறு முதல் முப்பது பேர் வரை தங்கியதை, தரையில் படுத்ததை, சில கழிப்பறைகளில் தண்ணீர் வராததை உலகம் அதன் வழியே அறிந்தது. ஐபோன் பூட்டும் வேலையில் திருமணமான பெண்களைச் சேர்க்காமல் ஒதுக்கியதை 2024 ஜூனில் வெளியிட்டதும் அதே நிறுவனம். பிறகே ஒன்றியத் தொழிலாளர் அமைச்சகம் தமிழ்நாடு அரசிடம் அறிக்கை கேட்டது. ராய்ட்டர்ஸுக்கு நம் பெண்கள்மேல் தனிப்பாசம் என்று எண்ண வேண்டாம். ஆப்பிளின் பங்குகளை வைத்திருப்பவர்கள் அதன் வாடிக்கையாளர்கள், அவர்களுக்கு இது காசு சம்பந்தப்பட்ட செய்தி. எங்கோ இருக்கும் முதலீட்டாளருக்குப் பயன்பட்டதால் சுங்குவார்சத்திரத்துப் பெண்ணின் கழிப்பறை செய்தியானது.

நம் நாளிதழ்களுக்கு அது ஏன் காசு சம்பந்தப்பட்ட செய்தியாகவில்லை? பத்திரிகையின் விலை அதன் அடக்கச் செலவைத் தாங்காது, மீதியை விளம்பரம் கொடுக்கிறது. விளம்பரதாரருக்கு வேண்டியது மனை வாங்குபவர், நகை வாங்குபவர், வண்டி வாங்குபவர். 2021-ல் இந்தப் பெண்களில் பலருக்கு மாதம் சுமார் 10,500 ரூபாய்தான் சம்பளம், அதிலும் பெரும்பகுதி ஊருக்குப் போய்விடும். அந்தக் கணக்கில் அவர்கள் வாசகராகத் தேற மாட்டார்கள். செய்தி சேகரிக்க வேண்டிய தாலுகா நிருபரின் நிலைமையும் மோசம். தமிழ் நாளிதழ்களில் இவர்களில் பலருக்கு நிலையான சம்பளம் கிடையாது, விளம்பரம் பிடித்துக் கொடுத்தால் கமிஷன் உண்டு. தொழிற்சாலையிடமும் மனை வியாபாரியிடமும் விளம்பரம் கேட்டு நிற்க வேண்டியவர், மறுநாள் விடுதி வாசலில் நோட்டுப் புத்தகத்தோடு எப்படி நிற்பார்?

பத்திரிகை அதிபரும் முதலாளிதான் என்பதை நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம். நெருக்கடிநிலையை எதிர்த்ததற்காக இன்றும் போற்றப்படுகிற ராம்நாத் கோயங்காவின் எக்ஸ்பிரஸ் நிறுவனம், 1959-ல் சென்னையில் தொழிலாளர் தகராறு முற்றியபோது இங்கே தொழிலை மூடி ஆந்திராவுக்கு மாற்ற முடிவெடுத்தது. அந்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 'சத்தம் போட்டால் கம்பெனி வேறு மாநிலத்துக்குப் போய்விடும்' என்று இன்று நம் பெண்களிடம் சொல்லப்படும் மிரட்டல் பத்திரிகைத் துறைக்கே பழக்கமானது. பத்திரிகை ஊழியர்களுக்கான மஜீதியா ஊதியக்குழுப் பரிந்துரைகளை 2011-ல் ஒன்றிய அரசு ஏற்று அறிவித்தது. அதை எதிர்த்துப் பத்திரிகை நிர்வாகங்கள் உச்ச நீதிமன்றத்துக்குப் போயின, 2014 பிப்ரவரியில் தோற்றன. தன் ஊழியரின் ஊதியத்தைக் கேள்வி கேட்கும் தொழில், அடுத்தவர் ஆலையின் ஊதியத்தைத் துருவிக் கேட்கும் என்று எதிர்பார்ப்பதில் நமக்கும் ஓர் அளவு வேண்டும்.

ஆதித்தனார் 1981-ல் மறைந்தார். அவர் எழுப்பிய குழுமம் வளர்ந்துகொண்டே இருக்கிறது. மாலை நாளிதழ், பண்பலை வானொலி, 2012-ல் தொலைக்காட்சி, பிறகு ஆங்கில நாளிதழ் என்று பரவியது. வழிகள் பெருகினாலும், வாசகர் யார் என்ற பழைய அனுமானத்தை யாரும் தொட்டுப் பார்த்ததாகத் தெரியவில்லை.

2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் பெண் தொழிலாளர்களுக்கான சிப்காட் விடுதியை முதலமைச்சர் திறந்து வைத்தார். 18,720 பேர் தங்கலாம். பழைய விடுதிகளோடு ஒப்பிட்டால் இது முன்னேற்றம், அந்தப் பெண்கள் சாலையில் உட்கார்ந்து வாங்கித் தந்த முன்னேற்றம். எண்ணிக்கையில் அது ஒரு சிற்றூர். 1940-களின் ஆதித்தனாராக இருந்திருந்தால் அந்த எண்ணைக் கேட்டவுடன் ஒரு புதிய பதிப்பைப் பற்றி யோசித்திருப்பார். ஷிப்ட் மாறும் நேரத்துக்கு ஏற்ற அச்சு, பி.எப். கணக்கு எப்படிப் பார்ப்பது, ஒப்பந்தக்காரர் பிடித்த பணத்தை எங்கே கேட்பது, மாதவிடாய் வலிக்கு விடுப்பு எந்த மாநிலத்தில் உண்டு என்பதெல்லாம் அதில் செய்தியாக இருக்கும். அவருடைய வியாபார மூளை வைக்கோலில்கூடக் காகிதத்தைப் பார்த்தது. அவருடைய வாரிசுகளாகத் தம்மைச் சொல்லிக்கொள்ளும் தமிழ் நாளிதழ்கள் எல்லாம் கண் முன்னே நிற்கும் வாசகியைப் பார்க்க மறுக்கின்றன.

பெண்கள் இதற்காகக் காத்திருக்கவில்லை. கைபேசியையே பத்திரிகையாக்கிக் கொண்டார்கள். யார் மயங்கி விழுந்தார், எந்த லைனில் ஆள் குறைத்தார்கள், எந்த விடுதியில் சாப்பாடு மோசம் என்பது குழுக்களில் ஓடுகிறது. அதில் தவறும் வரும். ஆசிரியர் இல்லை, சரிபார்க்க ஆள் இல்லை, திருத்தம் வெளியிடும் பக்கமும் இல்லை. பத்திரிகை என்ற தொழில் கற்றுவைத்திருக்கும் இந்தத் திறமைகள்தான் அவர்களுக்குத் தேவை, அவைதான் அவர்களுக்கு மறுக்கப்படுகின்றன.

2021 டிசம்பரில் மறியலுக்கு மறுநாள் 67 பெண் தொழிலாளர்களையும் உள்ளூர்ப் பத்திரிகையாளர் ஒருவரையும் போலீஸ் பிடித்து வைத்தது என்றும், அவர்களின் கைபேசிகளைப் பறித்துக்கொண்டு, 'உங்கள் பெண்ணை அடக்கி வையுங்கள்' என்ற பொருள்பட வீடுகளுக்குப் பேசியது என்றும், பிடிக்கப்பட்டவர்கள் சொன்னதை வைத்து ராய்ட்டர்ஸ் எழுதியது. இவர்களுக்கு இருந்த ஒரே பத்திரிகை கைபேசி என்பதை அதைப் பறித்தவர்கள் சரியாகவே புரிந்துவைத்திருந்தார்கள். நாளிதழ் அதிபர்களுக்கும் அது புரியும் நாள் வரை, இந்தச் சாலையின் செய்தியை இந்தப் பெண்களே எழுத வேண்டியிருக்கும், பிழையோடும் துணிவோடும்.